மேலிருந்து பார்த்த மலைநாடு

பூமியைச் சுற்றி வந்த முதல் மனிதரென்ற கீர்த்தியோடு 1961ஆம் ஆண்டு டிசம்பர் மாதத்தில் இலங்கைக்கு விஜயம் செய்த யூரி ககாரின், பேராதனைத் தாவரவியற் பூங்காவில் ஒரு மரக்கன்றை நட்டுச் சென்றார். மகாவலி கங்கை வளைந்து அணைத்தோடும் அந்தப் பூங்காவில் அரச குடும்பத்தினரும் பிரதம மந்திரிகளும் நட்ட மரங்கள் பல உண்டு. ஆயினும் பூகோளத்தை அதற்கு வெளியே நின்று பார்த்த கண்களையுடைய ஒருவர் வந்து குனிந்து இந்த மண்ணிலே ஒரு மரம் வைத்தார் என்பதில் ஒரு தனி விசேஷம் இருக்கத்தான் செய்கிறது. அவ்வாண்டு ஏப்ரல் 12ஆம் திகதி 108 நிமிஷங்கள் நீடித்த தமது பிரயாணத்தில், பூமியின் விளிம்பிலே வெளிர்நீலம் படிப்படியாகக் கறுத்து ஆகாயத்தின் இருளோடு கலக்கும் காட்சியைக் கண்டு வந்து வார்த்தைகளால் வர்ணித்தாரேயன்றி, அதைப் படமாக்கிக் கொணர அவரிடம் புகைப்படக் கருவி இருக்கவில்லை. நான்கு மாதங்களின் பின்னர் உலகைப் பதினேழு முறை சுற்றிய கெர்மன் தித்தோவ், கையிற் பிடித்த சலனப்படக் கருவியொன்றால் ஜன்னலுக்கு வெளியே தெரிந்த பூமியைப் பதிவு செய்தார். மனிதன் தன் வாசஸ்தலத்தை விண்ணிலிருந்து தானே படம்பிடிக்கும் வழக்கம் அன்றுதான் தொடங்கிற்று.

அந்தத் தொடக்கத்தில் ஆடம்பரம் ஏதும் இல்லை. 1962ஆம் ஆண்டு பெப்ரவரியில் பூமியைச் சுற்றிய அமெரிக்கரான ஜோன் கிளென் எடுத்துச் சென்றது, புளோரிடாவின் கொக்கோ பீச் என்னும் ஊரில் ஒரு மருந்துக் கடையிலே வாங்கிய சாதாரணக் கெமரா. அதே ஆண்டு ஒக்டோபரில் பறந்த வால்டர் ஷிரா, ஹூஸ்டன் நகரத்துக் கடையொன்றில் தாமே தேர்ந்து வாங்கிய ஹாசல்பிளாட் கெமராவுடன் சென்றார். 1963இல் கோர்டன் கூப்பர் எடுத்த திபெத்திய மலைகளின் படங்களைக் கண்ட பிறகே, விண்வெளி வீரரின் பொழுதுபோக்கு என்று எண்ணப்பட்ட காரியத்தில் பூகோள சாஸ்திரத்துக்குரிய பெரும் பொருள் அடங்கியிருப்பதைப் பலரும் ஒப்பினர். போல் லோமன் என்ற புவியியல் விஞ்ஞானி இதனை முறையான ஆராய்ச்சியாக வகுத்துக் கொடுக்க, அடுத்து வந்த ஜெமினிப் பிரயாணங்களில் எந்த நிலப்பரப்பை எந்தக் கோணத்தில் எடுக்க வேண்டும் என்பது முன்கூட்டியே வீரர்களுக்குப் போதிக்கப்பட்டது.

இலங்கையைப் பொறுத்தவரையில் அப்பிரயாணங்களில் எடுத்த படங்களுள் தலையாயது, 1966ஆம் ஆண்டு செப்டெம்பரில் சார்ல்ஸ் கொன்ராட், ரிச்சர்ட் கோர்டன் ஆகிய இருவரும் ஜெமினி 11 கலத்திலிருந்து எடுத்த படம். அந்தக் கலம் 1,370 கிலோமீற்றர் வரை உயர்ந்தது. நிலவுக்குச் சென்றோரை நீக்கிப் பார்த்தால், அத்தனை உயரத்தை 2024ஆம் ஆண்டு வரையில் வேறெந்த மனிதரும் எட்டவில்லை. வடக்கு நோக்கிப் பார்க்கும் அப்படத்தில், இடப்புறம் அரபிக் கடலும் வலப்புறம் வங்காள விரிகுடாவும் விரிந்திருக்க, இடையே தென்னிந்தியத் தீபகற்பம் முழுவதும், அதன் அருகே நம் தீவும் ஒரே சட்டத்துக்குள் அமைந்திருக்கின்றன. மலையகத் தமிழர் ஒருவர் இப்படத்தைப் பார்க்கும்போது அடையும் உணர்ச்சி வேறெவருக்கும் உண்டாகாது என்பது என் துணிபு. திருச்சிராப்பள்ளியிலிருந்தும் புதுக்கோட்டையிலிருந்தும் மதுரையிலிருந்தும் கங்காணிகளின் பின்னே கால்நடையாகப் புறப்பட்டு, கரையை அடைந்து, தோணியேறிப் பாக்கு நீரிணையைக் கடந்து, மன்னாரில் இறங்கி, வறண்ட காடுகளின் ஊடே மாத்தளை வழியாகக் கண்டிச் சீமையை அடைந்த மூதாதையரின் பாதை முழுவதும், அதிலே வழியில் நோயாலும் பசியாலும் விழுந்தவர்கள் கிடந்த நிலம் உட்பட, அந்தப் படத்திலே உள்ளங்கையளவு இடத்தில் அடங்கிவிடுகிறது.

ஆனால் கண்டி நகரத்தில் நின்று கண்டியைப் பார்ப்பது எளிதன்று. மலைகள் சூழ்ந்த கிண்ணம் போன்ற பள்ளத்தில் நகரம் இருக்கிறது. தெற்கே ஹந்தானை, வடக்கே உடவத்தகெலே வனம், மேற்கே பைரவகந்தை, தூரத்தில் வடகிழக்கே தும்பறை மலைகளான நக்கிள்ஸ் தொடர் என்று, எந்தத் திசையில் நோக்கினும் ஒரு மலை அடுத்த மலையை மறைத்து நிற்கும். இந்த மறைவே ஒரு காலத்தில் இராச்சியத்துக்கு அரணாக இருந்தது. 1638இல் கன்னொருவையில் போர்த்துக்கேயரும், 1803இல் மகாவலியைக் கடக்க வகையின்றி வட்டபுலுவவில் மேஜர் டேவியின் ஆங்கிலப் படையும் அழிந்தமைக்கு, நாட்டை முழுதாகக் காண அவர்களால் முடியாமற் போனதும் ஒரு காரணம். அரணுக்கு உதவிய அந்த மறைவு இன்று நமக்கு உதவவில்லை. மலையின் இந்தப் பக்கத்தில் வெட்டிய காட்டின் மண் அந்தப் பக்கத்தில் எந்த நீரோடையில் கரைகிறது என்பதையும், நாவலப்பிட்டியிலிருந்து கம்பளை, பேராதனை, கட்டுகஸ்தோட்டை என்று நகரத்தை வளைந்தோடும் கங்கை எத்தனை சரிவுகளின் நீரைச் சுமக்கிறது என்பதையும், கீழே நிற்கும் நாம் துண்டு துண்டாகவே அறிகிறோம். ஆற்றையும் காட்டையும் தோட்டத்தையும் நகரத்தையும் ஒரே உடம்பாகப் பார்க்கும் வாய்ப்பு மேலே இருப்பவருக்கே வாய்க்கிறது.

1966ஆம் ஆண்டுப் படத்தையும் இக்காலத்தில் சர்வதேச விண்வெளி நிலையத்திலிருந்து எடுக்கப்படும் படங்களையும் அருகருகே வைத்தால் முதலிற் கண்ணிற் படுவது நீர். அன்று மகாவலி மேற்படுகையில் இன்றுள்ள பெரிய நீர்த்தேக்கங்களுள் ஒன்றேனும் இருக்கவில்லை. 1976இல் பொல்கொல்லையில் கங்கை மறிக்கப்பட்டு அதன் ஒரு பகுதி மலையைக் குடைந்த சுரங்கத்தின் வழியே வடக்கே திருப்பப்பட்டது. எண்பதுகளின் நடுவில் கொத்மலையும், 122 மீற்றர் உயரமுள்ள அணையோடு விக்டோரியாவும், அதற்குக் கீழே ரந்தெனிகலையும் நிறைந்தன. தும்பறைப் பள்ளத்தாக்கின் புகையிலை வயல்களும் பழைய தெல்தெனிய நகரமும் விக்டோரியாவின் நீருக்கடியிற் போயின. கடும் வறட்சியில் நீர் இறங்கும்போது அந்நகரத்தின் சுவர்களும் படிகளும் வெளிவருவதைக் காண இன்றும் மக்கள் கூடுகிறார்கள். மேலிருந்து பார்ப்பவருக்குச் சுவர்கள் தெரியா. கரிய நீருக்கும் பசிய கரைக்கும் இடையே செம்மண் நிறத்தில் ஒரு வளையம் தெரியும். அந்த வளையம் அகலமாக இருக்கும் ஆண்டில், கீழே சமவெளியில் எத்தனை வயல்கள் தரிசாகக் கிடக்கின்றன என்பதை அறிய வேறு பத்திரம் வேண்டியதில்லை.

நீரைக் காட்டிலும் படிப்பதற்குச் சிரமமானது பசுமை. விண்ணிலிருந்து எடுத்த மலைநாட்டின் படத்தை முதன்முறை காணும் எவரும் அதன் பச்சையைக் கண்டு மகிழ்ந்துபோவது இயல்பு. நாடு செழிப்பாக இருக்கிறது, காடுகள் அழியவில்லை என்று எண்ணத் தோன்றும். அந்த எண்ணம் பிழையானது. 1956ஆம் ஆண்டில், கொழும்புத் திட்டத்தின் கீழ்க் கனடா அளித்த உதவியோடு விமானங்களிலிருந்து நாடு முழுவதையும் படமெடுத்துக் கணக்கிட்டபோது, தீவின் நிலப்பரப்பில் நூற்றுக்கு 44 பங்கு காடாக இருந்தது. 1992ஆம் ஆண்டுக் கணக்கின்படி அடர்ந்த காடு நூற்றுக்கு 24 பங்குக்கும் சற்றுக் குறைவு. அந்தத் தேய்வு நிகழ்ந்த காலத்திலும் மலைநாட்டின் நிறம் பச்சையாகவே இருந்தது. ஏனெனில் இங்கே பச்சைகள் பல.

முதலாவது தேயிலைப் பச்சை. பத்தொன்பதாம் நூற்றாண்டின் முற்பகுதியில் கோப்பிக்காகக் கண்டியைச் சுற்றிய மலைக்காடுகள் வெட்டப்பட்டு எரிக்கப்பட்டன; 1867இல் லூல்கந்துர தோட்டத்தில் ஜேம்ஸ் டெய்லர் பத்தொன்பது ஏக்கரில் தேயிலை பயிரிட்டார்; 1869இல் தலைகாட்டிய இலைநோய் கோப்பியை அழித்தொழிக்க, அதே சரிவுகளைத் தேயிலை பற்றிக்கொண்டது. மேலிருந்து நோக்கினால் தேயிலை மழித்த தலைபோல ஒரே மட்டமாகவும், பாதைகளும் கான்களும் கீறிய கோடுகளோடும் தோன்றும். இரண்டாவது பைன் மரப் பச்சை. மகாவலி நீரேந்து பிரதேசத்தின் வெற்றுப் புற்சரிவுகளைக் காடாக்கும் நோக்கத்துடன் வனத் திணைக்களம் நட்ட கரீபியப் பைன் மரங்கள் ஹந்தானையிலும் பிற மலைகளிலும் இருண்ட திட்டுகளாகத் தெரியும். அவற்றின் நிழலில் சொந்த மரங்கள் எளிதில் முளைப்பதில்லை, வேனிலில் உதிர்ந்த ஊசியிலைகள் தீயை வரவேற்கின்றன. மூன்றாவது பத்தனை என்று மலைநாட்டார் சொல்லும் புல்வெளியின் மஞ்சட் பச்சை. நான்காவது வீட்டுத் தோட்டங்களின் பச்சை: பலா, மிளகு, கராம்பு, பாக்கு, மா என்று ஒன்றின்மேல் ஒன்றாக வளர்ந்து நிற்கும் கண்டியர் தோட்டங்கள், உயரத்திலிருந்து காணும்போது காட்டிலிருந்து பிரித்தறிய முடியாத அளவுக்கு அடர்த்தியானவை, ஊருக்குள் இருந்தும் ஊரை மறைக்கும் அந்தத் தோட்டங்களே இந்நாட்டின் விவசாயச் சாதனைகளுள் மிக உயர்ந்தவை என்று நான் கருதுகிறேன். ஐந்தாவதுதான் உண்மையான காடு. அதுவும் நக்கிள்ஸ் தொடரின் உச்சிகளிலும் பள்ளங்களிலும் எஞ்சியிருப்பது.

அந்த ஐந்தாவது பச்சையிலும் ஒரு சூக்ஷ்மம் உண்டு. நக்கிள்ஸ் காட்டுக்குள்ளே பல ஆண்டுகளாக ஏலக்காய் பயிரிடப்பட்டது. ஏலத்துக்கு நிழல் வேண்டும். ஆகவே உயர்ந்த மரங்களை வெட்டாமல் விட்டு, கீழுள்ள செடிகொடிகளையும் இளமரக் கன்றுகளையும் களைந்துவிட்டு ஏலத்தை நட்டார்கள். ஆயிரம் படம் எடுத்தாலும் மேலிருந்து தெரிவது கலையாத விதானமே. அதன் கீழே, வயோதிக மரங்கள் விழும்போது அவற்றின் இடத்தை எடுக்க ஒரு கன்றும் இல்லாமல், காடு சந்ததியற்று நின்றது. 2000ஆம் ஆண்டில் அது பாதுகாக்கப்பட்ட வனமாகப் பிரகடனம் செய்யப்பட்டதும், 2010இல் மத்திய மலைநாட்டின் பிற வனங்களோடு உலக மரபுரிமைப் பட்டியலில் சேர்ந்ததும் நல்ல காரியங்கள். ஆனால் விதானத்துக்கு அடியில் நடந்ததை அறிந்தவர்கள், ஏலக்காய் பறிக்கப் போன கிராமத்தாரும், அவர்களோடு நடந்து மரங்களை எண்ணிய ஆய்வாளருமே. விண்ணின் சாட்சியம் எவ்வளவு தெளிவாயினும் மண்ணின் சாட்சியம் சேராத இடத்தில் அது நம்மை ஏமாற்றவும் கூடும்.

இனி, அந்தப் படங்கள் எவ்வாறு எடுக்கப்படுகின்றன என்பதைச் சிறிது சொல்ல வேண்டும். 2000ஆம் ஆண்டு நவம்பர் முதல் இடையறாது மனிதர் வசித்துவரும் சர்வதேச விண்வெளி நிலையம், ஏறத்தாழ 400 கிலோமீற்றர் உயரத்தில், மணிக்கு 28,000 கிலோமீற்றர் வேகத்தில், தொண்ணூறு நிமிஷத்துக்கு ஒருமுறை உலகைச் சுற்றுகிறது. பருத்தித்துறையிலிருந்து தேவேந்திரமுனை வரையுள்ள நம் தேசத்தின் நீளத்தை அது ஒரு நிமிஷத்துக்குள் கடந்துவிடும். 2010ஆம் ஆண்டு பெப்ரவரியில் அந்நிலையத்தோடு இணைக்கப்பட்ட, குபோலா எனப்படும் ஏழு ஜன்னல்கள் கொண்ட மாடத்தில் மிதந்தபடி, நீண்ட குவியமுள்ள வில்லைகள் பூட்டிய கெமராக்களைப் பிடித்திருக்கும் வீரர், நிலம் ஓடும் வேகத்துக்கு இசையத் தம் கையையும் மெல்ல நகர்த்திக்கொண்டே படமெடுக்க வேண்டும். கை பிந்தினால் படம் மங்கிப்போகும். இரவிலோ வேலை இன்னும் கடினம். 2002, 2003ஆம் ஆண்டுகளில் அங்கே தங்கியிருந்த டொனால்ட் பெற்றிட், நிலையத்திற் கிடந்த உதிரிப் பாகங்களைக் கொண்டே கெமராவை நகர்த்தும் பொறியொன்றைச் செய்து நகரங்களின் விளக்கொளியைத் தெளிவாகப் பதிந்தார். ஹூஸ்டன் நகரில் உள்ள விஞ்ஞானிகள் அன்றாடம் எந்தெந்த இடங்களைக் கவனிக்கலாம் என்று குறிப்பு அனுப்புகிறார்கள். ஆயினும் மேகம் விலகும் கணத்தையும், கங்கையும் குளங்களும் சூரியனைப் பிரதிபலித்து வெள்ளிக் கம்பிகளாக மின்னும் கோணத்தையும் கண்டு சட்டென்று விரலை அழுத்துவது, சன்னலோரத்தில் இருப்பவரின் சொந்தத் தீர்மானம்.

செய்மதிகள் இருக்கையில் இந்தச் சிரமம் எதற்கு என்று கேட்பவர்கள் உண்டு, நியாயமான கேள்விதான். 1972இல் ஏவப்பட்ட முதலாவது லான்ட்சாற் முதலாக, பூமியை ஓயாமல் அளந்துகொண்டிருக்கும் செய்மதிகள் கண்ணுக்குப் புலப்படாத அகச்சிவப்பு ஒளியையும் பதிவதால், தேயிலையையும் காட்டையும் பைனையும் கணக்காகப் பிரித்துக் காட்ட வல்லவை. 1984ஆம் ஆண்டு ஏப்ரலில் சல்யூட் 7 நிலையத்தில் தங்கிய ராகேஷ் சர்மாவும், ஒரே காட்சியை வெவ்வேறு ஒளி அலைகளில் ஒருங்கே பதியும் கருவியைக்கொண்டே பாரத நாட்டின் பல பகுதிகளைப் படமாக்கினார். அளவையில் இயந்திரத்தை மனிதன் வெல்ல முடியாது. ஆனால் அத்தகைய செய்மதிகளிற் பல ஓரிடத்தின்மேல் எப்போதும் முற்பகலின் ஒரே நேரத்தில் வந்து, நேர் கீழே நோக்கியே செல்வன. விண்வெளி நிலையம் ஒருநாள் விடியலிலும், சில வாரங்கள் கழித்து நண்பகலிலும், பின்னொருநாள் அந்தியிலும் கண்டிக்கு மேலே வரும். விடியற்காலத்துச் சாய்ந்த வெயிலில், நக்கிள்ஸ் தொடரின் நீண்ட முகடுகள் ஒவ்வொன்றும் தன் நிழலைப் பள்ளத்தாக்கின் குறுக்கே விழுத்திக் கிடக்கும் தோற்றத்தை, ஒரு மனிதர் சாய்வாகப் பார்த்து எடுத்த படத்திற் காணும்போதுதான் மலைநாட்டின் உடற்கட்டு நமக்குப் புரிகிறது.

மனிதக் கண்ணின் தேர்வுக்கு ஓர் உதாரணம் தமிழர் அனைவரும் அறிந்திருக்க வேண்டியது. 1972ஆம் ஆண்டு டிசம்பர் 7ஆம் திகதி, நிலவை நோக்கிச் சென்ற அப்பல்லோ 17 கலத்திலிருந்து எடுக்கப்பட்ட, முழுவட்டமாக ஒளிரும் பூமியின் படம் உலகெங்கும் பாடசாலைச் சுவர்களில் தொங்குவது. ஆபிரிக்காவும் அரேபியாவும் பனி மூடிய தென்துருவமும் அதிலே தெரிவதை யாவரும் சொல்வார்கள். வலப்புறத்து மேல் விளிம்பில், ஒரு சுழியாகச் சுருண்டிருக்கும் வெண்மேகம், இரண்டு நாட்களுக்கு முன்பு தமிழ்நாட்டின் கரையைத் தாக்கி உயிர்களைக் கொண்டுபோன சூறாவளியின் மிச்சம் என்பதைச் சொல்வோர் மிகச் சிலர். பிரசித்தி பெற்ற அந்தப் படத்தின் அழகில் நம் மக்களின் துயரமும் ஒரு மூலையில் இருக்கிறது.

அத்தகைய துயரம் கண்டி மாவட்டத்துக்கும் அந்நியமானதன்று. 2016 மே மாதத்தில் அயலிலுள்ள அரநாயக்கவில் ஒரு மலைச்சரிவே கழன்று கிராமங்களை மூடியது. 2025 நவம்பர் இறுதியில் டித்வா சூறாவளி கொட்டிய மழையில், கண்டி, நுவரெலியா, பதுளை மாவட்டங்களின் சரிவுகள் பல இடங்களிலும் பெயர்ந்து விழ, நாடெங்கும் நூற்றுக்கணக்கானோர் மாண்டனர். புயலின்போது மேகத்தை ஊடுருவிப் பார்க்க வீரரின் கெமராவால் இயலாது; அதற்கு ராடார் செய்மதிகளே வேண்டும். மேகம் கலைந்த பின்னரோ, பச்சைச் சரிவுகளில் நகத்தாற் கீறினாற் போன்ற செந்நிறத் தழும்புகளும், காவி நிறமாகிக் கலங்கிய நீர்த்தேக்கங்களும் விண்ணுக்குத் தெரியக்கூடியவை. அந்தத் தழும்புகள் எங்கே தொடங்கின என்பதைக் கவனிப்பது மிக அவசியம். பாதை வெட்டிய இடத்திலா, கைவிடப்பட்ட தேயிலைமலையிலா, காட்டின் உள்ளேயே தானா? தோட்டத்து லயன்களில் வாழும் முதியவர்களைக் கேட்டால், எந்த மலையில் எந்த ஊற்று முந்திய மழைகளில் திடீரென்று பீறிட்டது, எந்தக் கான் அடைபட்டுக் கிடந்தது, எந்தச் சுவரில் வெடிப்பு விழுந்தது என்று தவறாமற் சொல்வார்கள். நிலச்சரிவு அபாயத்தை ஆராய்ந்து எச்சரிக்கை விடுக்கும் தேசிய கட்டட ஆராய்ச்சி நிறுவனத்தின் வரைபடங்களோடு, விண்ணிலிருந்து எடுத்த படங்களையும் இம்முதியோரின் ஞாபகத்தையும் ஒன்றாக வைத்துப் பார்க்கும் பணி நம்மவரால் செய்யத் தக்கது. செய்யப்பட்டே ஆகவேண்டியதும் கூட. லயன்களை எங்கே கட்டுவது என்பதை அவற்றில் வாழ்ந்தவர்கள் ஒருபோதும் தீர்மானிக்கவில்லை. புதிய வீடுகளுக்கு நிலம் பார்க்கும் இந்தக் காலத்திலாவது அவர்கள் சொல்வதைக் கேட்க வேண்டும்.

இதற்கு வேண்டிய சாதனங்கள் நம் கைக்கு எட்டாதவையும் அல்ல. 2019ஆம் ஆண்டு ஜூன் 17ஆம் திகதி அதே விண்வெளி நிலையத்திலிருந்து வெளியே விடப்பட்ட ராவணா 1 என்னும் சிறு செய்மதியை, ஜப்பானின் கியூஷூ தொழில்நுட்பக் கல்லூரியிற் பயின்ற இரண்டு இலங்கைப் பொறியியலாளர் நிர்மாணித்தார்கள். ஒரு கிலோகிராம் அளவேயுள்ள அதற்குள்ளும் ஒரு கெமரா இருந்தது. விண்வெளி வீரர்கள் அறுபதுகளிலிருந்து எடுத்துவரும் இலட்சக்கணக்கான படங்களோ ஹூஸ்டனில் சேமிக்கப்பட்டு, எவரும் விலையின்றிப் பெறத்தக்கவையாக இருக்கின்றன. பேராதனைப் பல்கலைக்கழகத்தின் புவியியல் மாணவர்களும், கலஹா, தெல்தோட்டை, புசல்லாவை ஆகிய ஊர்களின் தமிழ்ப் பாடசாலைப் பிள்ளைகளும் இவற்றைத் திறந்து, தம் ஊர் மலையை இனங்கண்டு, ஒவ்வொரு பச்சைக்கும் பெயரிட்டு, பின்பு அந்த இடத்துக்கே நடந்துபோய்ச் சரிபார்ப்பார்களாயின், பூகோள பாடம் அவர்களுக்கு வேறு பாடமாகிவிடும்.

தொடங்க விரும்புவோர் பெப்ரவரி, மார்ச் மாதங்களின் காலை வேளைப் படங்களை முதலில் எடுத்துக்கொள்வது நலம். தென்மேற்குப் பருவக்காற்று வீசும் மாதங்களில் மேற்குச் சரிவுகளையும், ஆண்டின் முடிவில் வடகிழக்குப் பருவமழையின்போது நக்கிள்ஸின் கிழக்குப் புறத்தையும் மேகம் மூடிக்கொள்ளும். இடைப்பட்ட வறண்ட வாரங்களில், பிற்பகல் மேகம் திரளுமுன், விக்டோரியாவின் நீண்ட நீர்க்கரங்களை முதலிற் கண்டுபிடித்து, அங்கிருந்து கங்கையை மேற்கே எதிரேறிப் பின்பற்றிச் சென்றால், பொல்கொல்லையும் கட்டுகஸ்தோட்டை வளைவும் வரும். அந்த வளைவுக்குத் தெற்கே, உடவத்தகெலே காட்டை ஒட்டிய சிறிய கரிய புள்ளி, 1807ஆம் ஆண்டளவில் ஸ்ரீ விக்கிரம ராஜசிங்கன் கட்டுவித்த கண்டி ஏரி. அதிலிருந்து தெற்கே ஹந்தானையின் முகட்டைத் தாண்டினால் தேயிலைத் தோட்டங்கள் ஆரம்பமாகின்றன.